இளைப்பு நோயாளியின் தட்டில் புரதம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் ஒருவருக்கு இளைப்பு (மூச்சு வாங்கும் நோய்) என்று தெரிந்ததும் முதலில் நிற்பது தயிர். பிறகு வாழைப்பழம், பால், முட்டை, மீன் என்று ஒவ்வொன்றும் 'சளி கட்டும்', 'சூடு', 'கரப்பான்' என்ற பேரில் தட்டை விட்டுப் போகும். ஆறு மாதத்தில் மிஞ்சுவது ரசம் சாதம், கஞ்சி, டீ, பொறை. வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் நுரையீரல் நோயாளிகளோடு வேலை செய்கிற நாங்கள் இருவரும் (ஒருவர் உணவியலாளர், மற்றவர் இயன்முறை மருத்துவர்) வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். சிஓபிடி என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர் மெலிந்து போவதை 'வயசாச்சு, அப்படித்தான்' என்று விட்டுவிடக் கூடாது. மெலிவும் அந்த நோயின் ஒரு பகுதி. மாத்திரைக்கும் இன்ஹேலர் பம்புக்கும் எழுதித் தருவதைப் போலவே சாப்பாட்டுக்கும் அளவும் நேரமும் எழுதித் தர வேண்டும்.

ஏன் மெலிகிறார்கள் என்பதை வீட்டார் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இந்த நோயில் இழுத்த காற்று முழுவதும் வெளியே வராமல் நுரையீரலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. நுரையீரல் உப்பி, அதற்குக் கீழே குடை போல வளைந்திருக்க வேண்டிய உதரவிதானம் என்ற மூச்சுத் தசை தட்டையாகிவிடும். அது செய்ய வேண்டிய வேலையைக் கழுத்துத் தசையும் தோள் தசையும் இழுத்துப் போட்டுச் செய்கின்றன. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுக்காகச் செலவாகும் சக்தி கூடிவிடுகிறது. செலவு கூடிய இதே ஆளால் சாப்பிடத்தான் முடிவதில்லை. ஒவ்வொரு கவளத்தையும் விழுங்கும் நேரத்தில் மூச்சு ஒரு கணம் நிற்க வேண்டும். வயிறு நிரம்பினால் அது உதரவிதானத்தை மேலே தள்ளும். நாலு வாய் சாப்பிட்டதும் 'போதும், மூச்சு முட்டுது' என்று எழுந்துவிடுகிறார். பற்றாக்குறையை உடம்பு தன் தசையைக் கரைத்து ஈடுகட்டுகிறது. தொடைத் தசை கரையும்போது மூச்சுத் தசையும் சேர்ந்தே கரைகிறது.

எடை இவ்வளவு முக்கியமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். இந்த நோயின் போக்கைக் கணிக்க 2004இல் வெளியான போட் குறியீடு, ஊதும் பரிசோதனை அளவு, மூச்சுத் திணறலின் அளவு, ஆறு நிமிட நடை ஆகியவற்றோடு உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் எடைக் குறியீட்டையும் (பிஎம்ஐ) சேர்த்துக்கொள்கிறது. உடல் எடைக் குறியீடு 21 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஆபத்துப் புள்ளி ஒன்று கூடும். 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு 21 என்பது சுமார் 54 கிலோ. மெலிந்திருப்பதே ஆரோக்கியம் என்று சர்க்கரைக்கும் பிரஷருக்கும் சொல்லிக் கேட்ட காதுகளுக்கு இது புதிதாக இருக்கும். சிஓபிடி நோயாளியைப் பொறுத்தவரை ஒட்டிய கன்னம் நல்ல செய்தி இல்லை.

மாதம் ஒருமுறை, ஒரே எடைமேடையில், ஒரே நேரத்தில், காலையில் சிறுநீர் கழித்த பிறகு எடை பாருங்கள். முயற்சி எதுவும் செய்யாமலே ஆறு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தால், அதாவது 50 கிலோ ஆள் இரண்டரை கிலோ இறங்கினால், அடுத்த மாதம் பார்ப்போம் என்று தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எடைமேடைக்கு வழியில்லாத வீட்டில் அரைஞாண் கயிறு இறங்குவதையும், வளையல் முழங்கை வரை ஓடுவதையும், சட்டையின் தோள் தொங்குவதையும் கவனியுங்கள். ஒரு எச்சரிக்கை: நோய் முற்றி இதயத்தின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டால் காலில் நீர் கோத்து எடை கூடியது போலக் காட்டும். அப்போது எடைமேடையை நம்பாமல் மேற்கையின் சுற்றளவை ஒரு நூலால் அளந்து குறித்துவைப்பது நல்லது.

இனி அளவு. எடை குறைந்துவரும் நோயாளிக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்குச் சுமார் 30 கலோரியும், 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதமும் வேண்டும். 50 கிலோ எடைக்கு 1,500 கலோரி, 60 முதல் 75 கிராம் புரதம். நாங்கள் வழக்கமாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் ஒரு நாள் சாப்பாட்டைக் கணக்கிடுவோம்: காலையில் டீ, இரண்டு பொறை, பிறகு மூன்று இட்லி, மதியம் ரசம் சாதம், சாயங்காலம் டீயும் பன்னும், ராத்திரி அரிசிக் கஞ்சி. எல்லாவற்றையும் கூட்டினால் புரதம் 30 கிராம் பக்கத்தில் நிற்கிறது. தேவையில் பாதி. ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம்பருப்பை நாலு பேர் உள்ள குடும்பம் ஒரு மாதம் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் பருப்பு வரும். அதில் புரதம் இரண்டு கிராம்கூடத் தேறாது. சாம்பாரில் பருப்பு தண்ணீராக ஓடுவது சமைப்பவரின் குற்றமில்லை.

மீதிப் பாதியை எங்கிருந்து கொண்டுவருவது? விலை உயர்ந்த டப்பா மாவு தேவையில்லை. முட்டை ஒன்றில் 6 கிராம், பால் 200 மி.லி.யில் 6 கிராம், வேர்க்கடலை ஒரு கைப்பிடி (30 கிராம்) 7 கிராம், வேகவைக்காத பருப்பு 30 கிராமில் 6 கிராமுக்கு மேல், மீன் 100 கிராமில் 18 முதல் 20 கிராம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருப்பது இந்தப் பகுதிக்கு வாய்த்த வரம். வஞ்சிரம்தான் சத்து என்று நினைக்க வேண்டாம். கவலை, காணாங்கெளுத்தி, நெத்திலி, காரப்பொடி எல்லாம் புரதத்தில் வஞ்சிரத்துக்குச் சளைத்தவை அல்ல. நெத்திலியை முள்ளோடு மென்று சாப்பிட்டால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் மீன் விலை ஏறும்போது முட்டையும் மீல்மேக்கரும் கைகொடுக்கும். 25 கிராம் மீல்மேக்கரில் 12, 13 கிராம் புரதம் இருக்கிறது. கொதிநீரில் ஊறவைத்து, இருமுறை பிழிந்து, பொடியாக நறுக்கிப் போட்டால் பல் இல்லாதவரும் சாப்பிடலாம். மாட்டுக்கறி சாப்பிடும் வீடுகளில் அதை ஒதுக்கக் காரணமே இல்லை. குக்கரில் குழைய வேகவைத்து, கைமாவாகக் கொத்திப் போட்டால் போதும். கருவாட்டை மட்டும் ருசிக்கு ஒரு துண்டோடு நிறுத்துங்கள். அதிலும் ஊறுகாய், அப்பளம், வற்றலிலும் உள்ள உப்பு, காலில் நீர் கோக்கிறவருக்கு நேரடியாகத் தொல்லை தரும்.

கஞ்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் வடசென்னையில் நோயாளி என்றாலே கஞ்சிதான். விழுங்கச் சுலபம் என்று ஒரு ஸ்பூன் கேழ்வரகு மாவில் ஒரு டம்ளர் கூழ் காய்ச்சுகிறார்கள். அதில் 50 கலோரிகூடத் தேறாது. வயிறு நிரம்பிவிடும், உடம்பில் ஒட்ட ஒன்றும் இருக்காது. அதே டம்ளரை இப்படிச் செய்யுங்கள். 30 கிராம் (மூன்று மேசைக்கரண்டி) கேழ்வரகு மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். கொதிக்கும் நீரில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டும், உள்ளே வேகாத மாவு வயிற்றை உப்பவைக்கும். சிறுதீயில் பளபளப்பு வரும்வரை கிளறி, 100 மி.லி. காய்ச்சிய பால், கொஞ்சம் வெல்லம், வறுத்துத் தோல் நீக்கிப் பொடித்த வேர்க்கடலை 15 கிராம் சேர்த்தால் 280 கலோரிக்கு மேல், 9 கிராம் அளவுக்குப் புரதம். கேழ்வரகிலும் பாலிலும் சேர்த்து 200 மி.கி.க்கு மேல் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். கடலை ஒத்துக்கொள்ளாதவருக்குப் பொட்டுக்கடலை மாவு இரண்டு மேசைக்கரண்டி. அது ஏற்கெனவே வறுபட்டது, அடுப்பை அணைத்த பிறகு கலந்தாலே போதும். சர்க்கரை நோய் உள்ளவர் வெல்லத்தை விட்டுவிட்டு உப்புப் போட்டு மோர் ஊற்றிக்கொள்ளலாம்.

அரிசிக் கஞ்சிதான் இறங்கும் என்றால், கஞ்சி தளதளவென்று கொதிக்கும்போது அடித்த முட்டை ஒன்றை நூலாக ஊற்றிக் கிளறி, முழுக்க வெந்த பிறகு இறக்கி ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விடுங்கள். ஒரு ஸ்பூன் எண்ணெயில் 45 கலோரி இருக்கிறது. வயிற்றில் இடத்தை அடைக்காமல் சக்தி தருவது எண்ணெய்தான். கொலஸ்ட்ரால் பயத்தில் எண்ணெயை அடியோடு நிறுத்துவது மெலிந்த சிஓபிடி நோயாளிக்குப் பொருந்தாது. பருமனாக இருப்பவருக்கு இந்தக் கணக்கு வேறு. அவர்களுக்கு எண்ணெயும் சாதமும் குறைய வேண்டும், புரதம் குறையக் கூடாது.

மாவுச்சத்து சாப்பிட்டால் கரியமில வாயு கூடும், அதனால் சோற்றை நிறுத்து என்று வாட்ஸ்அப்பில் ஓர் அறிவுரை சுற்றுகிறது. மாவுச்சத்து எரியும்போது கரியமில வாயு ஒப்பளவில் அதிகம் வெளிவரும் என்பது உண்மை. ஆனால் வீட்டில் நடமாடும் நோயாளிக்கு அது பெரிய பிரச்சினை இல்லை, ஒரே வேளையில் அளவுக்கு மிஞ்சித் திணிப்பதுதான் பிரச்சினை. மூன்று வேளைச் சாப்பாட்டை ஏழு வேளையாகப் பிரியுங்கள். காலை ஏழு மணிக்குப் பால், எட்டரைக்கு இரண்டு இட்லியும் கெட்டிச் சாம்பாரும் ஓர் அவித்த முட்டையும், பதினொன்றுக்கு மேலே சொன்ன கஞ்சி, ஒரு மணிக்கு ஒரு கிண்ணம் சாதத்தோடு கெட்டிப் பருப்பும் மீனும், நாலரைக்குச் சுண்டல், ஏழரைக்கு முட்டை தோசை, படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பு அரை டம்ளர் பால். புரதம் 70 கிராமைத் தொட்டுவிடும், எந்த வேளையிலும் வயிறு முட்டாது. நோயாளிக்குப் பசி காலையில் நன்றாக இருக்கும், மாலை ஆக ஆகக் களைத்துவிடுவார். அதனால் கனமான உணவை முன்பாதியில் வைப்பது நல்லது. ராத்திரி காரக் குழம்பும் சோறும் சாப்பிட்டு உடனே படுத்தால் நெஞ்செரிச்சல் ஏறி, இருமலில் எழுப்பிவிடும்.

சுண்டல் கேஸ் பண்ணும் என்று பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. வாயு சேர்ந்தால் வயிறு உதரவிதானத்தைத் தள்ளும், மூச்சு வாங்கும். கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் விரலால் நசுங்கும் பதத்துக்கு வேகவைத்து, இஞ்சியும் பெருங்காயமும் சேர்த்து, அரைக் கிண்ணத்தோடு நிறுத்துங்கள். மொச்சை, கோஸ், பச்சை வெங்காயம், கோலி சோடா ஆகியவற்றில் எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதை அவரவரே பார்த்து ஒதுக்க வேண்டும். எல்லோருக்கும் எல்லாவற்றையும் தடை செய்தால் மறுபடியும் ரசம் சாதத்தில்தான் வந்து நிற்போம்.

எப்படிச் சாப்பிடுவது என்பது எதைச் சாப்பிடுவது என்பதற்குக் குறைந்ததல்ல. குளித்து வந்த கையோடு சாப்பாட்டில் உட்கார வைக்காதீர்கள். குளியலே இவர்களுக்கு மூச்சு வாங்க வைக்கும் வேலை, அரை மணி நேரமாவது ஓய்வு வேண்டும். சளியைத் துப்பிவிட்டு, மருத்துவர் அனுமதித்திருந்தால் உடனடி நிவாரண பம்பை கால் மணி நேரம் முன்னால் எடுத்துக்கொள்ளலாம். தரையில் சம்மணமிட்டுத் தட்டை நோக்கிக் குனிந்தால் வயிறு மடிந்து அழுத்தும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தட்டை ஸ்டூலிலோ மேசையிலோ உயர்த்தி வைத்து, முழங்கையை ஊன்றிக்கொள்ளச் செய்யுங்கள். தோளின் பாரம் இறங்கியதும் மூச்சு இலகுவாவதைக் கண்ணால் பார்க்கலாம். சின்னக் கவளம், நன்றாக மெல்ல வேண்டும், விழுங்கியதும் மூச்சை விட வேண்டும், அடுத்த கவளத்துக்கு முன் உதட்டைக் குவித்து இரண்டு மூச்சு. பேச்சு கொடுக்காதீர்கள், புரையேறும். தண்ணீரைச் சாப்பாட்டின் நடுவே குடித்து வயிற்றை நிரப்பாமல், அரை மணி கழித்துக் குடிக்கட்டும். நீர் கட்டுப்பாடு சொல்லப்படாதவருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது வேண்டும், இல்லாவிட்டால் சளி இறுகும்.

வீட்டில் ஆக்ஸிஜன் வைத்திருப்பவர்கள் சாப்பிடும்போது குழாயைக் கழற்றிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அது மூக்கில் இருக்க வேண்டிய நேரமே அதுதான். சாப்பிடும்போது திணறுகிறதென்று அளவைத் தாங்களாகவே கூட்டவும் கூடாது. பல சிஓபிடி நோயாளிகளுக்கு ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் வரைதான் இலக்கு, தேவைக்கு மேல் ஆக்ஸிஜன் போனால் கரியமில வாயு ஏறி மயக்க நிலைக்குக் கொண்டுபோகும். எரியும் அடுப்பருகே ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒருபோதும் வேண்டாம்.

இங்கேதான் வடசென்னையின் வீடுகள் கணக்கில் வருகின்றன. ஒரே அறையில் அடுப்பும் கட்டிலும். காய்ந்த மிளகாய் தாளிக்கும் நெடி ஏறி, இருமி இருமி ஓய்ந்த பிறகு தட்டு வந்தால் யார் சாப்பிடுவார்கள்? தாளிப்பையும் மீன் பொரிப்பதையும் அவர் வாசலிலோ மாடியிலோ இருக்கும் நேரத்தில் முடித்துவிடுங்கள். கொசுவர்த்திச் சுருளையும் அந்த அறையில் கொளுத்தாதீர்கள்.

மருந்தும் சாப்பாட்டைக் கெடுக்கும். ஸ்டீராய்டு கலந்த பம்பை இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்பாவிட்டால் நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படியும். ருசி தெரியாது, விழுங்க எரியும். 'சோறே பிடிக்கலை' என்பவரின் நாக்கை நீட்டச் சொல்லிப் பாருங்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் டெரிஃபிலின் வகை மாத்திரை வெறும் வயிற்றில் குமட்டும், அதோடு நாலைந்து ஸ்ட்ராங் டீ சேர்ந்தால் படபடப்பும் கைநடுக்கமும் தூக்கமின்மையும் கூடும். மேலும் டீயால் பசி அடங்கிவிடுவதால் சாப்பாட்டுக்கு முன் டீ வேண்டாம். ஸ்டீராய்டு மாத்திரை அடிக்கடி எடுப்பவருக்கு எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், பொட்டாசியம் குறையும். வாழைப்பழமும் இளநீரும் இங்கே உதவும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மட்டும் இவற்றையும், மேலே சொன்ன புரத அளவையும் மருத்துவரிடம் கேட்ட பிறகே கூட்ட வேண்டும்.

பாலைப் பற்றிய பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறோம். பால் சளியை அதிகமாகச் சுரக்க வைப்பதாக ஆய்வுகளில் உறுதியாகவில்லை. எச்சிலோடு கலந்து தொண்டையில் கொழகொழப்பாகத் தங்குவதைச் சளி என்று நினைக்கிறோம். ஒரு வாய் வெந்நீர் குடித்தால் அது போய்விடும். தயிரைக் குளிரப் போடாமல் சாப்பிடலாம். உண்மையாகவே ஒவ்வாமை உள்ளவருக்கு மட்டும்தான் விலக்கு.

சாப்பாடு மட்டும் போதாது. சாப்பிட்ட புரதம் தசையாக மாற, தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். நாற்காலியில் இருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதை ஐந்து முறையில் தொடங்கிப் பத்து வரை கொண்டுபோகலாம். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்கலாம். எழும்போது மூச்சை விட வேண்டும், அடக்கக் கூடாது. சளி, காய்ச்சல் வந்து மருத்துவமனையில் படுத்து எழுந்தவர்களுக்கு இது இன்னும் அவசியம். அந்தச் சில நாட்களில் கரையும் தசை தானாகத் திரும்பி வருவதில்லை.

அரசிடம் எங்கள் வேண்டுகோள் மூன்று. காசநோயாளிகளுக்கு நிக்ஷய் போஷண் திட்டத்தில் 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் உணவுக்காகத் தரப்படுகிறது. சிகிச்சை முடிந்ததும் அது நின்றுவிடும். காசநோய் குணமாகியும் நுரையீரல் தழும்பேறி, ஆயுள் முழுக்க இளைப்போடு இருப்பவர்கள் இந்தப் பகுதியில் ஏராளம். அவர்களுக்கும், எடைக் குறியீடு 21க்குக் கீழே உள்ள சிஓபிடி நோயாளிகளுக்கும் அந்த உதவியை நீட்டிக்க வேண்டும், அல்லது ரேஷன் அட்டையில் கூடுதலாக இரண்டு கிலோ பருப்பாவது சேர்க்க வேண்டும். 2021 ஆகஸ்ட் முதல் வீடு தேடி வரும் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் பிரஷரும் சர்க்கரையும் பார்ப்பதோடு இவர்களின் எடையையும் மேற்கைச் சுற்றளவையும் நோட்டில் குறிக்க வேண்டும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் பம்பு வாங்க வரும் நாளிலேயே உணவியலாளரையும் பார்க்கும்படி ஏற்பாடு வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வருகிறவரை இன்னொரு நாள் வரச் சொன்னால் அவர் வர மாட்டார்.

இப்படிக்கு,
ஓர் உணவியலாளர், ஓர் இயன்முறை மருத்துவர்
தண்டையார்பேட்டை, சென்னை